மூன்றாவது பூச்சு

தமிழில் பூச்சு என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. பூசி மெழுகுகிறான் என்றால் எதையோ மறைக்கிறான். சாயம் வெளுத்தது என்றால் ஆள் அம்பலப்பட்டுவிட்டான். விமர்சனத்திலும் இதே கதைதான். வர்ணம் பூசிய நடை என்று ஒருவரைச் சொல்லிவிட்டால், அதற்குமேல் அவரைப் படிக்க வேண்டிய சிரமத்திலிருந்து நாமே நமக்கு விடுதலை கொடுத்துக்கொண்டுவிடுகிறோம். அந்தச் சொற்றொடருக்குத் தகுதியானவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் இந்த உவமையைச் சுலபமாகக் கையாள்கிறவர்களில் எத்தனை பேர் ஒரு மேஜைக்காவது தம் கையால் வர்ணம் அடித்திருப்பார்கள் என்ற சந்தேகம், போன மாதம் நான் அந்த வேலையில் இறங்கியபோது வந்தது.

மேஜை என்றது தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுகிற சாய்வு மேஜை. இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம். மேற்பலகை தேக்கு. பக்கங்கள் பலா. மூடியைத் தூக்கினால் காகிதம் வைக்க இடம். வலது மூலையில் மசிக்கூடு செருகுவதற்கு வட்டமாக ஓர் ஓட்டை. பித்தளைக் கீல் இரண்டு. சாவி தொலைந்துபோன பூட்டு ஒன்று. என் தாத்தாவும், அவருக்குப் பிறகு அப்பாவும், இதன் முன்னால் உட்கார்ந்து ஒரு கிராமத்தின் நிலம் முழுவதையும் எழுதினார்கள். கர்ணம் வேலை. குடமுருட்டிப் பாசனத்தில் ஒரு சிறிய கிராமம்.

நிலத்தை எழுதினார்கள் என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அடங்கல் என்ற பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேராக, என்ன பயிர், எவ்வளவு பரப்பு, சாகுபடி செய்கிறவர் யார் என்று வருஷா வருஷம் எழுத வேண்டும். கடைசிக் கேள்வியில்தான் விவகாரமே. பட்டா ஒருவர் பெயரில், ஏர் இன்னொருவர் கையில் என்றிருந்த ஊரில், உழுகிறவன் பெயர் அந்தப் பத்தியில் விழுந்தால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்தது. விழாவிட்டால் அவன் அந்த வயலில் கால் வைத்ததற்கே அத்தாட்சி இல்லை. 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கென்று தனிச் சட்டம் வந்தது. வந்து என்ன? எழுத்தில் ஏதாவது காட்டு என்று அதிகாரி கேட்டால், காட்டுவதற்கு அடங்கலை விட்டால் அவனிடம் வேறென்ன இருக்கும்.

எனக்குப் பதினெட்டு வயதிருக்கும். மாசி மாதம், அறுவடை முடிந்திருந்தது. அப்பா திண்ணையில் மேஜையைப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். கீழே வாசலில் ஒருவர் வந்து நின்றார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்ற பிறகு சொன்னார்: "எம் பேர மட்டும் போட்டுடுங்கய்யா. ஒரு வரிதானுங்களே."

அப்பா நிமிரவில்லை. "மிராசுதார் வரட்டும்ப்பா, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன்" என்றார். பேனாவை மசியில் தோய்த்துக்கொண்டார். வந்தவர் வெயில் தலைக்கு ஏறுகிறவரை நின்றார். பிறகு, "அப்ப நான் வரேனுங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷமும் அந்த எண்ணுக்கு நேராகச் சொந்த சாகுபடி என்றே எழுதப்பட்டது. நாலைந்து வருஷத்தில் வயல் கைமாறியது. அந்தக் குடும்பம் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

அப்பா லஞ்சம் வாங்குகிறவரில்லை. அவர் மேல் அன்பு உள்ளவர்களும் இல்லாதவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள். அவருக்குப் பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஊரில் மரியாதை என்று பெயர். இதற்கு மேல் அவரைக் கூண்டில் ஏற்றவோ, கூண்டிலிருந்து இறக்கவோ எனக்கு உத்தேசமில்லை. மேஜையைப் பற்றிப் பேச இது தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

1980 நவம்பரில் அவசரச் சட்டம் ஒன்று வந்து, பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தது. பரம்பரை பரம்பரையாகக் கர்ணம், முன்சீப் என்று இருந்தவர்கள் ஒரு காலையில் எழுந்தபோது யாருமில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. சரியான சட்டம் என்பதுதான் என் அபிப்பிராயம், அன்றும் இன்றும். வீட்டில் அதைச் சொல்லத் தேவை ஏற்படவில்லை. பசலி 1390க்கான அடங்கல் பாதி எழுதியபடி நின்றது. ரெவின்யூ ஆட்கள் வந்து, பட்டியல் போட்டு, பதிவேடுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். மேஜை சொந்தச் சொத்து என்பதால் தங்கிவிட்டது.

அடுத்த தை மாதம், மாட்டுப் பொங்கலன்று, கொம்புகளுக்கு அடித்த நீல எனாமல் டப்பாவில் கால்வாசி மீந்தது. மறுநாள் கொல்லையில் அப்பா மேஜையைக் கவிழ்த்துப் போட்டு, வெள்ளையடிக்கிற மட்டையால் நீலம் அடித்துக்கொண்டிருந்தார். மட்டையின் நார் இழுத்த கோடுகள் இன்னும் அதில் தெரியும். வெளிப்பக்கம் முழுவதும் அடித்தார். மூடியின் உட்புறத்தைத் தொடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மிச்சமிருந்தது என்றுதான் பதில் வந்திருக்கும். அதன்பின் சாகிறவரை அதில் வெற்றிலைப் பெட்டியும் பஞ்சாங்கமும் வைத்திருந்தார். ஒருநாளும் அதன்முன் உட்கார்ந்து எழுதவில்லை.

நண்பர் ஒருவர், கவிஞர், கும்பகோணத்தில் என் வீட்டுக்கு வந்தவர் இந்த மேஜையைப் பார்த்துவிட்டார். மணிக்கட்டு உராய்கிற இடத்தில் நீலம் உதிர்ந்து மரம் தெரிந்தது. அங்கே நகத்தால் சுரண்டினார். "தேக்கு சார் இது. இந்தக் கண்றாவி நீலத்தைச் சுரண்டி எடுத்துட்டு எண்ணெய் போட்டுப் பாருங்க" என்றார். வெள்ளை அடிக்கப்போகிறேன் என்றேன். "கொலை" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, மசிக்கறையோடு ஒரு கணக்குப்பிள்ளை மேஜை ஓர் எழுத்தாளன் வீட்டில் இருப்பது எவ்வளவு பொருத்தம் என்று விளக்கினார். அவர் மனசில் ஒரு கவிதை அப்போதே பாதி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்த ருசி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கலாம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால், இடிக்கப்பட்ட வீடுகளின் கதவு, தூண், பெட்டி, தொட்டில் எல்லாம் கடைகடையாக விலைக்கு நிற்கின்றன. பல சாமான்கள் வருகிறபோது பச்சையோ நீலமோ பூசித்தான் வரும். வாங்குகிறவனுக்குப் பச்சை பிடிக்காது. சுரண்டி, தேய்த்து, எண்ணெய் போட்டு, பழமை என்றால் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று அவன் நினைக்கிறானோ அந்தப் பழுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பெட்டியை ஐம்பது வருஷம் புழங்கிய வீட்டுக்காரிக்கு அந்த நிறத்தில் அதை அடையாளம் தெரியாமல் போகலாம். அவள் அதற்குப் பச்சை அடித்தாள், பூச்சி அரிக்காமல் இருக்க, பிள்ளைக்குக் கல்யாணம் என்று. மரத்தின் நிர்வாணம் புழங்கியவர்களின் ருசி இல்லை, பார்க்க வருகிறவர்களின் ருசி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கிற ஊர்க்காரர்களைப் பார்த்து முகம் சுளிக்கிற அதே கூட்டம்தான் இது. கோபுர வர்ணங்கள் சில சமயம் பயங்கரமாக இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நண்பரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: எதுவரை சுரண்டுவது? நீலத்துக்கு அடியில் அரக்குப் பாலிஷ் இருக்கிறது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை உதிர்ந்த இடத்தின் விளிம்பில் வைத்துத் தேய்த்தேன். பிசுபிசுவென்று இளகிப் பஞ்சில் பழுப்பாக ஒட்டியது. எனாமல் அப்படி ஸ்பிரிட்டுக்கு இளகாது, அரக்குதான் இளகும். அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் இழைத்து இழைத்துப் பூசுவது. மரத்தில் ஒட்டி வாழ்கிற ஒரு பூச்சியின் கசிவு அது. கே. பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் பாடி நம் தாத்தாக்கள் கேட்ட பழைய இசைத்தட்டுகள்கூட இந்த அரக்கு சேர்த்து வார்த்தவைதான். ஆக, மரம் என்று நண்பர் நகத்தால் கண்டுபிடித்ததே பெரும்பகுதி தாத்தா காலத்துப் பூச்சு. நீலம் அப்பாவுடையது. நீலத்தை எடுத்துவிட்டு அரக்கை வைத்துக்கொள்வது என்றால் தாத்தா அசல், அப்பா போலி என்றாகிறது. இரண்டையும் எடுத்தால் தச்சன் அசல். அதற்கும் கீழே போனால் காடு.

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றி வருகிற இருட்டுப் பாதையில் இது நடந்தே இருக்கிறது. நாயக்கர் காலத்தில் சுவரில் புதிதாக ஓவியம் தீட்டினார்கள். கீழே சோழர் ஓவியம் இருந்தது. 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி, மேலடுக்கு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு கோடுகள் தெரிவதைக் கண்டுசொன்னார். சோழ ஓவியத்தை நாயக்கர்கள் மறைத்தார்கள் என்று ஒருவர் சொல்லலாம். முன்னூறு வருஷத்துப் புகையும் கையும் படாமல் அதைக் காப்பாற்றிக் கொடுத்தது அந்த மேலடுக்குதான் என்று நான் சொல்வேன். பிற்பாடு தொல்லியல் துறையின் ரசாயனப் பிரிவினர், மேலடுக்கையும் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துத் தனியே பதித்தார்கள். இதற்கு நேர் எதிரான காரியமும் நம் கோயில்களில் நடந்திருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்தார்கள். கல் பளிச்சென்று ஆயிற்று. கல்வெட்டின் எழுத்து மழுங்கிற்று. அசலைக் காட்டுகிறேன் என்று புறப்பட்டவர்கள் அசலைத் தேய்த்துவிட்டார்கள்.

உப்புத்தாளுக்கும் எனக்கும் உள்ள தகராறு இதுதான். வர்ணம் ஒன்றை மூடி வைக்கிறது. வேண்டுமென்று நினைக்கிற ஒருவன் பின்னால் வந்து திறந்துகொள்ளலாம். தேய்த்து எடுத்ததை எவனும் திரும்ப வைக்க முடியாது. மேற்பலகையின் மசிக்கறைகள் மரத்துக்குள் ஒரு நூல் ஆழம் இறங்கியிருக்கின்றன. நண்பர் விரும்புகிற தேக்கு வெளியே வர வேண்டுமானால் கறை போகும். கறை இருக்க வேண்டுமானால் அவர் விரும்புகிற தேக்கு வராது. அவருக்கு இரண்டும் வேண்டும். கறையை விட்டுவிட்டுச் சுற்றிலும் தேய்த்து, அதைப் பார்வைக்கு வைக்க வேண்டும். எனக்கு அது கூசியது. அந்தக் கறையில் வாசலில் நின்றவரின் பெயர் எழுதப்படாத மசியும் இருக்கிறது. அதை என் வீட்டுக் கூடத்தில் வைத்து, வருகிற இலக்கிய நண்பர்களுக்குக் காபியோடு காட்டுவதற்கு எனக்கு என்ன பாத்தியதை? அழிக்கவும் பாத்தியதை இல்லை. வைத்திருக்க வேண்டும், காட்டக் கூடாது.

இன்னொரு காரணம் முழுக்க லௌகீகமானது. இந்த மேஜை என் பேத்திக்கு. ஆறு வயது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் எட்டவில்லை என்று தரையில்தான் எழுதுகிறாள். 1981இல் அடித்த எனாமலில் ஈயம் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மஞ்சளிலும் பச்சையிலும்தான் அதிகம் என்பார்கள். ஆனால் நிறம் எதுவானாலும், எண்ணெய் வர்ணம் சீக்கிரம் கெட்டிப்படுவதற்கென்றே அந்நாளில் ஈயக் கூட்டுப் பொருள் சேர்ப்பதுண்டு. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2016இல் எழுதப்பட்டு 2017 நவம்பரில்தான் இங்கே நடைமுறைக்கு வந்தது. பழைய வர்ணத்தை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயம் தூசாகப் பறந்து குழந்தையின் மூச்சில் சேரும். நண்பரின் அழகியல் இந்த இடத்தில் நேரடியாக விஷம். வர்ணம் கெட்டியாக ஒட்டியிருக்கிற இடங்களில் அதைக் கிளறாமல் மேலே மூடிவிடுவது ஒப்புக்கொள்ளப்பட்ட முறை.

வேலையைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் உள்ள பெயிண்டர் ஒருவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதலில் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் துணியைப் பிழிந்து துடைப்பது. நாற்பது வருஷத்து வெற்றிலைக் கையும் எண்ணெய்ப் பிசுக்கும் வந்துகொண்டே இருந்தன. அப்புறம் 220ஆம் எண் நீர்த்தாளை நனைத்து, நீலத்தின் பளபளப்பு மங்குகிறவரை மட்டும் மேலாகத் தடவுவது. புதுப் பூச்சு பற்றிக்கொள்ள அவ்வளவு சொரசொரப்பு போதும். வந்த நீலச் சேற்றைத் துணியில் ஒற்றி எடுத்துக் கட்டி எறிந்தேன். விளிம்பில் உரிந்து தொங்கிய சில்லுகளையும் அப்படியே. ஓட்டை ஒடிசலுக்குப் பட்டி பார்த்தது.

உதிர்ந்த இடங்களுக்கு வந்தபோது பெயிண்டர் நிறுத்தினார். "நேரா வெள்ளை போட்டுடாதீங்க சார். சிவப்பு மசி சும்மா இருக்காது, மேல ஏறி வந்துரும். அரக்கு ஒரு கை குடுத்துட்டு அப்புறம் அடிங்க." பார்த்துவிடலாமே என்று, சிவப்பு மசி சிந்திய பழைய பலகைத் துண்டு ஒன்றில் தண்ணீர் பிரைமரை மட்டும் தடவி ராத்திரி வைத்தேன். காலையில் வெள்ளைக்கு மேல் வெளிறிய ரோஜா நிறத்தில் நாலு புள்ளி. பிரைமரில் உள்ள தண்ணீரில் சாயம் கரைந்து மேலே வருகிறது. இதைக் குறியீடாக்கிக் கவிதை எழுத நினைக்கிறவர்கள் தயவுசெய்து பொறுத்துக்கொள்ள வேண்டும், இது ரசாயனம். அரக்கு அதைத் தடுத்துவிடுகிறது. தாத்தா காலத்துப் பொருளையே காலணா அகலத்துக்கு அங்கங்கே வைத்தேன். அதன்மேல் பிரைமர் ஒரு கை. அதன்மேல் வெள்ளை எனாமல் இரண்டு கை.

வெள்ளை என்பதும் யோசிக்க வேண்டிய வஸ்து. இன்றைய வர்ணங்களில் வெண்மையைக் கொடுப்பது டைட்டானியம் ஆக்சைடு. அது இல்மனைட் என்ற தாதுவிலிருந்து வருகிறது. கன்னியாகுமரி ஜில்லாவில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கிற மணலில் இருப்பது அதுதான். கறுப்பு மணலிலிருந்து இவ்வளவு வெள்ளை வருகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். எண்ணெய் வர்ணம் வெறுமே உலர்வதில்லை, காற்றிலிருந்து பிராணவாயுவை வாங்கிக்கொண்டு கெட்டிப்படுகிறது. இரண்டு கைக்கும் நடுவில் ஒரு முழு நாள் பொறுக்கச் சொன்னார் பெயிண்டர். அந்த நாட்களில் வீடு முழுவதும் டர்பன்டைன் நாற்றம். நல்ல தூரிகை வாங்கியிருந்தும், மட்டை இழுத்த அப்பாவின் கோடுகள் மூன்று பூச்சுக்கும் மேலாக மெலிதாகத் தெரிகின்றன. பட்டி போட்டு நிரவிவிடலாம் என்றார் பெயிண்டர். விட்டுவிடுங்கள் என்றேன்.

மூடியின் உட்புறம் இருக்கிறது. அப்பா தொடாமல் விட்ட இடம். பலகை பூராவும் கணக்கு. தாத்தாவுடையது தமிழ் எண்களில், காணி, முந்திரி என்று கீழ்வாய்க் குறிகளோடு. கடுக்காயும் அன்னபேதியும் போட்டு அவரே காய்ச்சிய மசி, இன்னும் கறுப்பாக நிற்கிறது. அப்பாவுடையது பென்சிலில், சாதாரண எண்களில். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற பழைய அளவுகளை ஏக்கர், செண்டு என்று மாற்றிப் போட்டுக் கூட்டிய கூட்டல்கள். அவசரத்துக்குக் குறித்த சர்வே எண்கள் சில. பெயர்கள் கிடையாது. வாசலில் நின்றவரின் வயல் எண் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அந்தப் பலகையில் தேடியிருப்பேன். உட்புறத்துக்கு அரக்கு மட்டும் ஒரு கை கொடுத்தேன். பென்சில் கலையாமல் இருக்கும். இப்போது அங்கே கலர் பென்சில் டப்பாவும் இரண்டு நோட்டும் இருக்கின்றன. மூடியைத் தூக்கும்போதெல்லாம் பேத்தி இது என்ன எழுத்து என்று கேட்கிறாள். தாத்தாவின் தாத்தா போட்ட கணக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். யாருடைய கணக்கு என்று அவள் இன்னும் கேட்கவில்லை.

நண்பர் அப்புறம் ஒருநாள் வந்தார். மேஜையைப் பார்த்தார். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றார். அதில் உண்மை உண்டு. பேத்தியும் திருப்தியாக இல்லை, அவளுக்கு மஞ்சள் வேண்டுமாம். பெயிண்டரிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் போடாமல் வெளிச்சம் படாத மூலையில் போட்டு வையுங்கள் சார், எண்ணெய் வெள்ளைதானே, நாலு வருஷத்தில் தானாக மஞ்சளித்துவிடும் என்றார்.